அக்கா பெயரில் போன ரத்தம்

தங்கையின் வாயைவிட தங்கையின் ரத்தத்தில்தான் அக்காவுக்கு நம்பிக்கை அதிகம். "நல்லாத்தான் இருக்கேன்" என்று தங்கை தொண்டை கிழியக் கத்தினாலும் அது அக்காவின் காதில் ஏறாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கதவு தட்டும் சத்தம் கேட்கும். தோள்பையோடு அக்கா நிற்பாள். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. "கையை நீட்டு." அவ்வளவுதான்.

தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, இடது பக்கம் அறுவை சிகிச்சை செய்து, மருந்து ஏற்றி, கதிர்வீச்சும் கொடுத்து, எல்லாம் ஓய்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கொட்டிய முடி திரும்பி வந்துவிட்டது. போகும்போது இல்லாத சுருட்டை வரும்போது இருந்தது. தொழிலுக்கும் திரும்பிவிட்டாள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. பழக வந்தவள் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போதெல்லாம் அதை மிதித்து மிதித்து, அவளுக்கு 'பிரேக் மேடம்' என்றே பெயர் ஆகிவிட்டது. கோபம் வந்துவிட்டால் மட்டும் அவள் வாய்க்கு எந்த பிரேக்கும் பிடிக்காது. அக்காவுக்கும் அப்படித்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் லேபில் மூத்த டெக்னீஷியன். கண்ணைக் கட்டிவிட்டாலும் நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி போட்டுவிடுவாள் என்று அங்கே பேச்சு. தங்கையின் சிகிச்சையும் அதே மருத்துவமனையில்தான் நடந்தது. சிகிச்சை முடிந்து கடைசியாக டாக்டரம்மாவைப் பார்த்த அன்று, தங்கையை முந்திக்கொண்டு அக்காதான் பேசினாள்.

"மார்க்கர் டெஸ்ட் மாசாமாசம் எழுதிக் குடுங்க டாக்டர். வியாதி திரும்பினா ரத்தத்துல அந்த நம்பர் ஏறும், ஏறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"வேண்டாம்மா" என்றார் டாக்டரம்மா. "வியாதி இருக்கறப்போ மருந்து கேக்குதான்னு பாக்க அது உதவும். உடம்புல ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்கு அதைப் பாத்துக்கிட்டே இருக்கறதால ஆயுசு கூடறதா யாரும் நிரூபிக்கல. வேற எதுக்கோகூட அது ஏறும். ஏறாமலேயே வியாதி திரும்பினவங்களும் இருக்காங்க. எங்கயாவது வலி, கட்டி, மூச்சு வாங்கறதுன்னா உடனே வாங்க. வருஷா வருஷம் மாமோகிராம் எடுங்க. அது போதும்."

தங்கைக்கு அந்தப் பதிலைக் கேட்டதும் தலையில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "புஸ்தகத்துல இருக்கறதை அப்படியே ஒப்பிக்குது. தினம் ஆயிரம் பேர் ரத்தத்தைப் பாக்கறவ நான். எனக்கு வந்து பாடம் எடுக்குது."

டாக்டர் எழுதித் தராவிட்டால் என்ன? லேபில் வேலை செய்கிறவர்கள் தங்கள் சொந்த உடம்புக்கு எந்தச் சோதனையை வேண்டுமானாலும் யார் சீட்டும் இல்லாமல் செய்துகொள்ளலாம் என்று ஒரு வசதி அங்கே இருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். தங்கையின் வலது கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, ட்யூபின் மேல் தன் பெயரை ஒட்டி, தன் சோதனையாக மெஷினில் ஏற்றிவிடுவாள். மருத்துவமனைக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை மாதம் தவறாமல் மார்பகப் புற்றுநோய்க்கு பயந்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவள் அக்கா. தங்கையின் ஃபைலில் ஒரு வரிகூட ஏறவில்லை.

"பேர் யாருதா இருந்தா என்ன, ரத்தம் உன்னுதுதானே" என்றாள் அக்கா. சண்டை போட்டுச் சலித்துப்போய்த்தான் தங்கை கையை நீட்டினாள். அது அவள் செய்த முதல் முட்டாள்தனம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிம்மதி என்பது ஒரு நம்பரைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. முப்பதுக்குக் கீழே இருந்தால் நல்லது. தங்கைக்கு இருபதை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் செவ்வாய்க்கிழமை போனில் அக்காவிடமிருந்து வெறும் நம்பர் மட்டும் வரும். டிரைவிங் ஸ்கூலின் அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கையின் வீட்டுக்காரர், "என்ன, பாஸா?" என்று கேட்பார். நல்ல மனிதர்தான். ஆனால் நம்பர் வரும்வரை அவருக்கும் சாப்பாடு இறங்காது. வந்தபின் தங்கையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நம்பரைப் பார்த்தாயிற்றே, ஆளைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

பதினெட்டு இருபத்தொன்று ஆனால் போதும். அக்கா போனில் எரிந்து விழுவாள்.

"மூணு ஏறியிருக்கு. என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணலை."

"தூங்கலையா? வெயில்ல நின்னியா? கண்டதையும் தின்னியா?"

"மூச்சு விட்டேன். அதான் ஏறிடுச்சு போல."

"கொழுப்பு. உடம்பெல்லாம் கொழுப்பு."

இன்னொரு பக்கம், முழங்கால் வலிக்கிறது, தலை பாரமாக இருக்கிறது என்று தங்கை தப்பித் தவறிச் சொல்லிவிட்டால், "நம்பர் நல்லாருக்குல்ல, சும்மா கிட" என்று வாயை அடைத்துவிடுவாள். தங்கைக்கு வருவது வலியா இல்லையா என்பதைக்கூட அக்காவின் மெஷின்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படிச் சொல்லிச் சொல்லி, தங்கையும் தன்னை அறியாமல் அதற்குப் பழகிவிட்டாள். அதுதான் இரண்டாவது முட்டாள்தனம்.

அதனால்தான் இடது விலாவில் ஒரு வலி வந்தபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க சீட் பெல்ட் அழுத்துகிறது, பழக வருகிற மகராசிகள் பிரேக் போடும் லட்சணத்தில் விலா என்ன இரும்பா என்று நினைத்துக்கொண்டாள். பெல்ட் இல்லாமல் படுத்திருக்கும்போதும் வலித்தது. புரண்டு படுத்தால் இன்னும் வலித்தது. அந்த வாரம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "அதேதான்." அதேதான் என்றால் இருபதுதான். இருபது என்றால் விலாவில் இருப்பது வெறும் பெல்ட் வலிதான். வீட்டுக்காரரிடம் ஒரு தைலத்தை மட்டும் வாங்கி வரச் சொன்னாள்.

அடுத்த மாதமும் "அதேதான்." அதற்கடுத்த மாதமும் "அதேதான்." நம்பரே வராமல் அந்த ஒற்றை வார்த்தை மட்டும் வருவதைத் தங்கை கவனிக்கத்தான் செய்தாள். அக்காவுக்கும் அலுத்துவிட்டது போல என்று சந்தோஷப்பட்டாள். அதைவிட ஆச்சரியம், அக்கா திட்டுவதை நிறுத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தாள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து, வழக்கம் போல "நீயே அழுத்திக்கோ" என்று சொல்லாமல் தானே அழுத்திக்கொண்டு நின்றாள். "என்னாச்சு உனக்கு? திருந்திட்டியா?" என்று தங்கை கிண்டல் செய்தபோதுகூடப் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது மாதம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வரவே இல்லை. மெஷின் ரிப்பேர் என்று போனில் சொன்னாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள்தான் குட்டு வெளிப்பட்டது.

அக்காவின் லேபில் வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் தங்கையிடம் கார் பழக வந்துகொண்டிருந்தாள். அக்கா அனுப்பிவைத்தவள்தான். வெகுளி. கிளட்ச்சை விட்டுக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். அன்று பேருந்து டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் ஆளரவமில்லாத சாலையில் வண்டி போய்க்கொண்டிருந்தது. கன்டெய்னர் லாரிகள் ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"மேடம், இப்பதான் எங்களுக்கெல்லாம் உயிரே வந்துச்சு" என்றாள் அந்தப் பெண். "நேத்து லேப்ல கேக் வெட்டினோம். உங்க அக்கா சொல்லியிருப்பாங்களே."

"என்ன கேக்? ரோட்டைப் பாத்து ஓட்டு."

"அதான் மேடம், அவங்க மார்க்கர் எறங்கிடுச்சே! பதினொண்ணு! மூணு மாசமா ஏறிக்கிட்டே போச்சுல்ல? முப்பத்திநாலு, அப்புறம் நாப்பத்தாறு, போன மாசம் அறுபத்தொண்ணு. பெரிய டாக்டரே கீழ வந்து அக்காவைக் கூப்பிட்டுப் பேசினாரு. நாங்க எல்லாம் அழுதுட்டோம். நீங்களும் அந்த வியாதியில கஷ்டப்பட்டவங்க, இப்ப அக்காவுக்குமான்னு. நல்லவேளை, ஏறினதே தப்புங்கற மாதிரி இந்த மாசம் அப்படியே எறங்கிடுச்சு. அக்காவை நல்லாப் பாத்துக்கங்க மேடம்."

தங்கைக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாமே புரிந்துவிட்டது. முப்பத்திநாலும் நாற்பத்தாறும் அறுபத்தொன்றும் அவளுடைய ரத்தம். பதினொன்று மட்டும் அவளுடையது இல்லை. இந்த மாதம் அவள் கையை நீட்டவே இல்லையே. கை தானாக இடது விலாவுக்குப் போயிற்று.

"மேடம், ரைட்ல திரும்பவா?"

"இண்டிகேட்டர் போட்டியா?" என்றாள் தங்கை. குரல் எப்போதும் போலத்தான் வந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "கண்ணாடியைப் பாரு. போட்டுட்டுத் திரும்பு."

வகுப்பை முழுசாக முடித்து, அந்தப் பெண்ணை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அதே காரை நேராக மருத்துவமனைக்கு விட்டாள். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்ததில் தாடை வலித்தது.

லேபின் உள்ளே நோயாளிகள் போகக் கூடாது. தங்கை போனாள். கையுறைப் பெட்டிகளும் காலி ட்யூப்களும் அடுக்கி வைத்திருக்கும் சின்ன ஸ்டோர் ரூமுக்குள் அக்காவை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"என் நம்பர் எவ்வளவு?"

"அதான் அனுப்பினேனே. அதே…"

"கேக் எதுக்குடி வெட்டினீங்க?"

அக்காவை அவள் 'டி' போட்டுப் பேசியது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கதவைப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசு. வெளிய ஆளுங்க இருக்காங்க. அந்த ரிசப்ஷன் கழுதை சொன்னாளா? அவ வாயில ஓட்டை."

"அவ வாயில ஓட்டை இல்லைன்னா நான் செத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சிருக்கும். மூணு மாசம்! முப்பத்திநாலு வந்தப்பவே ஏன் சொல்லலை?"

"மெஷின் தப்பாக் காட்டுதுன்னு நெனச்சேன். திரும்பப் போட்டேன். அதேதான் வந்துச்சு. சரி, அடுத்த மாசம் எறங்கிடும்னு பாத்தேன். நாப்பத்தாறு ஆச்சு." அக்கா ஒரு கையுறைப் பெட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "அதுக்குள்ள இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்கு வியாதின்னு முடிவு கட்டிட்டாங்க. பெரிய டாக்டர் கூப்பிட்டு உக்கார வச்சு, தண்ணி குடுத்து, தைரியமா இருங்கம்மான்னாரு. மாமோகிராம் எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். ஒண்ணும் இல்லைன்னு வந்தா இன்னும் பயப்படறாங்க, எங்க ஒளிஞ்சிருக்கோன்னு. நான் என்னன்னு சொல்றது? என் ரத்தம் இல்லைன்னா, யார் ரத்தம்னு கேப்பாங்க. ட்யூப்ல பேரை மாத்தி ஒட்டினவன்னு தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்தத் தொழில்ல அதுக்கு மேல ஒரு தப்பு கிடையாது."

"அதனால இந்த மாசம் உன் ரத்தத்தைக் குடுத்து உன்னை நீயே குணப்படுத்திக்கிட்டே."

அக்கா பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"நல்ல வைத்தியம்! நீ பொழச்சுக்கிட்டே. கேக்கும் தின்னாச்சு. என் வியாதி எங்கே போச்சு? அது யார் பேர்ல இருக்கு இப்ப?"

"வியாதின்னு யார் சொன்னா?" அக்கா இப்போது நிமிர்ந்தாள். மாட்டிக்கொண்டவளுக்கு வரும் கோபம் அவளுக்கும் வந்துவிட்டது. "அந்த டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல, வேற எதுக்கும் ஏறும்னு? வெறும் நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு? சொன்னா நீ இடிஞ்சு போயிடுவே. சாப்பிட மாட்டே, தூங்க மாட்டே. உனக்காகத்தான்…"

"வாயை மூடு. ரெண்டு வருஷமா நம்பர் நம்பர்னு என் உயிரை வாங்கினது யாரு? நான் சிரிச்சா தப்பு, தும்மினா தப்பு, மூணு ஏறினதுக்கு என்னை நிக்க வச்சுக் கேள்வி கேட்டவ யாரு? அறுபத்தொண்ணு வந்ததும் வெறும் நம்பர் ஆயிடுச்சா? எனக்காகவாம்! உன் வேலைக்காகன்னு சொல்லு. அதையாவது மதிப்பேன்."

"ரெண்டுக்கும்தான்டி" என்றாள் அக்கா. அது உண்மை என்று தங்கைக்குத் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் எரிச்சலாக வந்தது. முழுக்கக் கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

விலா வலியைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. அதைக் கேட்கும் தகுதி இவளுக்குக் கிடையாது என்று முடிவு செய்துவிட்டாள்.

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போறேன். நீ வரே."

"நான் எதுக்கு? நீ போ. உன் பேர்லயே புதுசா ரத்தம் குடு. என்னை எதுக்கு…"

"மூணு மாசமா ஏறினதை யார் சொல்லுவா? உன் வாயாலதான் சொல்லணும்."

"வேலை போயிடும்டி."

"என் உயிர் போறதைவிடவா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள் தங்கை. வெளியே நின்ற இரண்டு பேர் அவசர அவசரமாக எதையோ தேடுவது போலக் குனிந்தார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா சொன்னதையேதான் அவரும் சொன்னார். "புதுசா ரத்தம் குடுத்துட்டாப் போச்சு. உன் அக்காவை எதுக்கு இதுல இழுக்கறே? அவங்க பொழப்பு அது."

"அவ வரணும்" என்றாள் தங்கை. "வரலைன்னா அக்கான்னு ஒருத்தி எனக்கு இல்லை."

அக்கா வந்தாள். காத்திருக்கும் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில், தங்கைக்கு அருகில் உட்காராமல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அந்தக் காலி நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

டாக்டரம்மா தங்கையைப் பார்த்ததும் சிரித்தார். "என்னம்மா, செக்கப்புக்கு இன்னும் நாள் இருக்கே?"

"மார்க்கர் ஏறியிருக்கு டாக்டர். மூணு மாசமா."

"நான் எழுதவே இல்லையே." டாக்டரம்மா கம்ப்யூட்டரில் தங்கையின் ஃபைலைத் திறந்தார். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இங்க எதுவும் இல்லையே. வெளி லேப்ல எடுத்தீங்களா? ரிப்போர்ட் எங்க?"

தங்கை பதில் சொல்லவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நேராக டாக்டரம்மாவின் மேஜையில் இருந்த கைகழுவும் மருந்துப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல மாட்டேன், நீ சொல்லு.

"என் பேர்ல இருக்கு டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டரம்மாவின் புருவம் ஏறியது. எதுவும் கேட்காமல் அக்காவின் பெயரை அடித்தார். திரையில் வரிசையாக நம்பர்கள் வந்தன. அக்கா தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். பெயர் மாற்றி ஒட்டியது, மாதா மாதம் எடுத்தது, எல்லாம் தங்கையின் ரத்தம் என்பது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் படித்தார். "முப்பத்திநாலு… நாப்பத்தாறு… அறுபத்தொண்ணு…" அவர் முகம் இறுகிக்கொண்டே போய், சட்டென்று தளர்ந்தது. "இந்த மாசம் பதினொண்ணு! எறங்கிடுச்சேம்மா. இதுக்குத்தான் வேண்டாம் வேண்டாம்னு தலையில அடிச்சுக்கிட்டேன். ஈரல்ல சின்னக் கோளாறு வந்தாக்கூட ஆடும் இது. தேவையில்லாம ரெண்டு பேரும் மூணு மாசம் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டீங்க. பேர் மாத்தினது பெரிய தப்பு, அதை அப்புறம் பேசிக்கலாம். இப்போதைக்குப் பயப்பட ஒண்ணும் இல்லை."

மேலே ஏசி மட்டும் உறுமியது.

தங்கை ஒரே வார்த்தையில் உண்மையை உடைத்திருக்கலாம். பதினொன்று என்னுடையது இல்லை என்றால் முடிந்தது. அவள் சொல்லவில்லை. அக்காவுக்கு இது ஒரு வழி. இப்படியே எழுந்து போய்விட்டால், ஏதோ பாசத்தில் தங்கைக்குச் செய்த தப்பு என்று லேபில் காலைக் கையைப் பிடித்துத் தப்பித்துக்கொள்ளலாம். பதினொன்று யாருடையது என்று தெரிந்தால் அது பாசம் இல்லை, பித்தலாட்டம். வேலை போவதோடு முடியாது, இனி எந்த லேபும் அவளைப் படியேற்றாது. போகட்டும், பார்க்கலாம், எது பெரிது என்று பார்க்கலாம் என்று தங்கை பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். விலா வலித்தது. அடுத்த ஆளைக் கூப்பிட டாக்டரம்மாவின் கை மணிப் பொத்தானுக்குப் போயிற்று.

"அது என்னுது டாக்டர்."

"எது?"

"பதினொண்ணு. அது என் ரத்தம். வேலை போயிடும்னு பயந்து நானே குடுத்தேன். இவளுக்கு எறங்கவே இல்லை." அக்கா திரையைக் கையால் காட்டினாள். "இந்த மாசம் இவளுக்கு எவ்வளவுன்னே எனக்குத் தெரியாது. எடுத்துப் பாக்க தைரியம் இல்லை."

டாக்டரம்மா கையைப் பொத்தானிலிருந்து எடுத்தார். அக்காவை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் எதுவும் இல்லை. "இதை நான் எழுதியே ஆகணும். தெரியும்ல?"

"தெரியும்."

அதற்குப் பிறகு அவர் அக்காவை அந்த அறையில் இல்லாதவள் போல விட்டுவிட்டுத் தங்கை பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "நம்பரை விடும்மா. உடம்பைச் சொல்லு. எங்கயாவது வலி இருக்கா?"

"விலாவுல" என்றாள் தங்கை. "இடது பக்கம். படுத்தா அதிகமா இருக்கு."

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசமா."

அக்கா நாற்காலியோடு திரும்பினாள். "மூணு மாசமாவா? ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"நீ என்கிட்ட சொன்னியா?" என்று சீறினாள் தங்கை. "அதேதான், அதேதான்னு அனுப்பினே. நம்பர் நல்லாருந்தா சும்மா கிடன்னு நீதானே சொல்லிக் குடுத்தே? சும்மா கிடந்தேன். தைலம் தேச்சுக்கிட்டுச் சும்மா கிடந்தேன்!"

"போதும், ரெண்டு பேரும்" என்றார் டாக்டரம்மா. தங்கையைப் படுக்கவைத்து, விலா எலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் விளிம்பைப் பிடித்தாள். டாக்டரம்மா அங்கே இரண்டாவது தடவை அழுத்தவில்லை. போனை எடுத்து, எலும்பு ஸ்கேனுக்கு இன்றைக்கே இடம் வேண்டும், நாளைக்கு இல்லை, இன்றைக்கே என்று யாரிடமோ கண்டிப்பாகச் சொன்னார். தங்கையின் சொந்தப் பெயரில் ரத்தத்துக்கும் எழுதினார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. இந்தத் தடவை அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உள்ளே யாருக்கோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து தங்கை கோபத்திலேயே நடந்து, கோபத்திலேயே வண்டி ஓட்டி, கோபத்திலேயே படுத்து எழுந்திருந்தாள். இப்போது திட்டுவதற்கு ஒரு வார்த்தையைத் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. சொல்ல வேண்டியதை அக்கா சொல்லிவிட்டாள். அவள் வேலையும் போனது போலத்தான். இனி அவளிடம் பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. கோபம் காலி செய்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. முதல் தடவை வியாதி வந்தபோது இதே தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்த அதே பயம்.

அக்கா சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதே" என்றாள் தங்கை. "எனக்கு பயமா இருக்கு. ஏதாவது சொல்லித் திட்டு."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"திட்டுக்கா. எப்பவும் போல."

"மூதேவி" என்று ஆரம்பித்தாள் அக்கா. செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "மூணு மாசம் விலா வலியை வச்சுக்கிட்டு வாயைத் திறக்காம இருந்திருக்கியே, அறிவு இருக்கா உனக்கு? எவளோ ஒருத்தி ஒரு நம்பரை அனுப்பினா உன் உடம்பு உனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறே, கண்ணாடியைப் பாரு, பின்னாடி பாருன்னு. உன்னைப் பாத்துக்க உனக்குத் துப்பு இல்லை. கொழுப்பு. சின்ன வயசுல இருந்தே கொழுப்பு உனக்கு…"

சிவப்பு விளக்கு அணைந்தது. கதவைத் திறந்து ஒருவர் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தங்கை எழுந்தாள். "நிறுத்தாதே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடும்வரை அக்கா நிறுத்தவில்லை. மூடிய பிறகும், தாழ்வாரத்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, உள்ளே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தித் திட்டிக்கொண்டே இருந்தாள்.